லாங் கேஸ் எழுதும் கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சௌக்கியம். போன வாரம் ஐஎன்ஆர் (ரத்தம் உறைகிற வேகத்துக்கான டெஸ்ட்) பார்த்தேன், 2.4. இதய மாத்திரை டிகாக்சின் வாரத்தில் ஐந்து நாள், சனி ஞாயிறு லீவு, மறக்கவில்லை. ஆக நீ திட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில் அழுததை அம்மாவிடம் சொல்லவில்லை. "ரெஃபர் பண்ணின சீட்டுல என்ன நோய்னு இருந்ததோ அதையே நானும் ஃபைல்ல எழுதிட்டேன்ப்பா. மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் ஏன்னு கேட்டாங்க. எங்கிட்ட பதில் இல்ல" என்றாய். நான் "சரி விடு, சாப்பிட்டியா" என்று கேட்டு வைத்துவிட்டேன். எனக்கு ஃபோனில் பேச வராது என்பது உனக்குத் தெரியும். மதுரைக்கும் தேனிக்கும் நடுவில் தொண்டை கிழியக் கத்தினவனுக்கு வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல வராது. அதனால் எழுதுகிறேன்.

உன்னைப் போல நான் டாக்டர் இல்லை. ஆனால் டாக்டர் பரீட்சைக்கு இருபது வருஷத்துக்கு மேல் போய்வந்திருக்கிறேன், கட்டிலில் படுத்திருக்கும் பக்கமாக. லாங் கேஸ் என்பார்களே, மாணவர்கள் நேரம் எடுத்து முழுசாகக் கேட்டு, தொட்டுப் பார்த்து, என்ன நோய் என்று சொல்ல வேண்டிய நோயாளி, அது நான். உன் வாத்தியார்களுக்குத் தெரியாத ஒன்றிரண்டு விஷயம் அங்கே படுத்திருந்தால் தெரியும்.

முதலில் என் தொண்டைக் கதை. உனக்குப் பாதிதான் தெரியும். 1991இல் என் குரல் கம்மியது. முதலில் கரகரப்பு, அப்புறம் காற்றுதான் வந்தது. உசிலம்பட்டி என்று கத்தினால் எனக்கே கேட்காது. விசிலையும் கையையும் வைத்து ஓட்டினேன். டாக்டரிடம் போனேன். அவர் முதல் கேள்வியாக என்ன வேலை என்று கேட்டார். கண்டக்டர் என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது பார், அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கத்திக் கத்திப் போய்விட்டது, பேசாமல் இரு, ஆவி பிடி, மாத்திரை இந்தா. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அதையேதான் நினைத்தேன், டிப்போவில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அடுத்துப் பார்த்த டாக்டர் முதல் டாக்டரின் சீட்டைப் படித்துவிட்டு அதே மாத்திரையை வேறு கம்பெனியில் எழுதிக் கொடுத்தார். ஐந்து மாதம் இப்படியே போனது.

பிறகு பெரியாஸ்பத்திரி ஒன்றில் காட்டியபோது ஒரு சின்னப் பெண், ஹவுஸ் சர்ஜன்தான், பயிற்சி டாக்டர், எழுதிக்கொண்டே கேட்டாள். "எத்தனை வருஷமா கண்டக்டர்?" பதினோரு வருஷம் என்றேன். பேனாவை நிறுத்திவிட்டாள். "பதினோரு வருஷமா கத்துறீங்க, அப்பல்லாம் போகாத குரல் இப்ப ஏன் போச்சு?"

எனக்குச் சுருக்கென்றது. அவளுக்கும் பதில் தெரியவில்லை. தெரியாததால் மேலே கேட்டுக்கொண்டே போனாள். மாடி ஏறினால் மூச்சு வாங்குமா? பஸ் ஏணியில் ஏறி மூட்டை இறக்கினால் வாங்கும் என்றேன். மூச்சு முட்டாமல் படுக்க எத்தனை தலையணை? இரண்டு, சில நாள் சுவரில் சாய்ந்துகொண்டு தூங்குவேன். சின்ன வயதில் காய்ச்சலோடு மூட்டு வீங்கியதா? அப்படியே கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பதினோரு வயதில் ஒரு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. இன்றைக்கு முழங்கால் வீங்கும், அது வடிந்தால் நாலாம் நாள் முழங்கை. பாட்டி பற்றுப் போட்டுச் சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தோம். யாரும் கேட்காததால் யாரிடமும் சொன்னதில்லை. தொண்டைக்கு வைத்தியம் பார்க்கப் போனவன் முழங்காலைப் பற்றிச் சொல்வானா?

மீதி உனக்குத் தெரியும். சின்ன வயதில் வந்தது ருமாட்டிக் காய்ச்சல், அதனால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது, ரத்தம் தேங்கி இடது மேலறை வீங்கி, குரல்வளைக்குப் போகிற இடது நரம்பு நசுங்கியது. அந்த நரம்பு கழுத்திலிருந்து நேரே தொண்டைக்குப் போகாமல் நெஞ்சுக்குள் இறங்கி, மகாதமனியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறதாமே. ஊருக்குள் வராமல் பைபாஸில் போய்த் திரும்பி வருகிற பஸ் மாதிரி. 1897இல் வியன்னாவில் ஆர்ட்னர் என்பவர் இதை எழுதிவைத்தார் என்று நீதான் எனக்குச் சொன்னாய். அந்த ஹவுஸ் சர்ஜன் பெண் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. "இப்ப ஏன்" என்ற கேள்வி மட்டும்தான் அவளிடம் இருந்தது. இன்றைக்கு எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும் என்பாய். தெரியும்தான். குரல் கம்மி வந்த கண்டக்டருக்கு எக்கோ எடுக்க வேண்டும் என்று யாருக்காவது தோன்ற வேண்டுமே!

இரண்டு வருஷம் கழித்துத் தொடை வழியாகப் பலூனை அனுப்பி வால்வை விரித்தார்கள், குரலும் முக்கால்வாசி திரும்பியது. ஆனால் பெரியாஸ்பத்திரியில் முதலில் பார்த்த பேராசிரியர் என் நெஞ்சை விடவில்லை. பலூனுக்கு முன்னாலும், பல வருஷம் கழித்து வால்வு மறுபடி இறுகிய பின்னாலும், பரீட்சை மாதம் வந்தால் ஆள் சொல்லி அனுப்புவார்கள். பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் கையில் கொஞ்சம் கொடுப்பார்கள். எனக்கு பஸ் இலவசம் என்பதை அவர்களிடம் நான் சொன்னதில்லை. ஒரே நிபந்தனை, நோயின் பெயரை மாணவர்களிடம் சொல்லக் கூடாது.

பையன்கள் கெஞ்சுவார்கள். "ஐயா, டாக்டர் என்னன்னு சொன்னாங்க?" என்று காதோடு கேட்பார்கள். பாவமாக இருக்கும். "தம்பி, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கட்டுமா?" என்பேன், அதற்கு மேல் கிடையாது. புரிகிறவன் ஸ்டெத்தின் மணிப் பக்கத்தைத் திருப்பி லேசாக வைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்வான்.

ஆனால் சில வருஷம் வார்டிலிருந்து கேஸ் லிஸ்ட் முன்னாடியே கசிந்துவிடும். அந்த வருஷங்களில்தான் கூத்து. வருகிறவன் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். கேள்வி கேட்பான், பதிலைக் கேட்க மாட்டான். நான் பேசும்போது மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டிருப்பான். என் துடிப்பு தாறுமாறான பிறகு இது இன்னும் மோசம். அதற்கு முன்பு என் நெஞ்சில் கேட்கிற உறுமல் முடிகிற இடத்தில் கொஞ்சம் ஓங்குமாம், மேலறை கடைசியாக ஒருமுறை சுருங்கித் தள்ளுவதால். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்துவிட்டால் மேலறை சுருங்காமல் வெறுமனே நடுங்கும், அந்த ஓங்கல் போய்விடும் என்றுதான் வார்டில் சொல்லித்தருகிறார்கள். புத்தகத்தில் இருக்கிறதே என்று பையன்கள் அதையும் சேர்த்து ஒப்பிப்பார்கள். எக்ஸாமினர் அமைதியாக, "பல்ஸ் எப்படி இருக்குன்னு சொன்னீங்க?" என்பார். "இர்ரெகுலர் சார்." "அப்ப அந்த ஓங்கலை எங்கேயிருந்து கேட்டீங்க?" பையன் என்னைப் பார்ப்பான். நான் ஃபேனைப் பார்ப்பேன்.

அவன் பொய் சொல்லவில்லை பாப்பா. அவனுக்கு நிஜமாகவே கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

2009 பரீட்சை ஒன்றைச் சொல்கிறேன், அம்மாவுக்கே முழுசாகத் தெரியாது. அந்த மாதம் முழுக்க எனக்கு மூச்சு வாங்கல் அதிகம். எனக்குத்தான் வால்வு இருக்கிறதே, அதுதான் என்று நான் இருந்தேன். மாதாந்திர செக்கப்பிலும் நீர் மாத்திரையைக் கூட்டி எழுதினார்கள். பரீட்சையில் எனக்கு ஒரு பெண் வந்தாள், ரொம்ப சுமார், கை நடுங்கியது. வால்வைப் பற்றி அரைகுறையாகத்தான் கேட்டாள். ஆனால் என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தவள் மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். "போன மாசம் இந்த மாடி ஏறினீங்களா? இப்ப ஏன் முடியல?" என்றாள். அப்புறம், "மலம் என்ன நிறம்?" சிரிக்காதே, என்னிடம் அந்த வார்டில் அத்தனை வருஷமாக யாரும் அதைக் கேட்டதில்லை. கறுப்பாக, தார் மாதிரி போகிறது என்றேன். முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையையும் அவள்தான் கேட்டு வெளியே எடுத்தாள். ரத்தம் உறையாமல் இருக்க ஆசிட்ரோம் சாப்பிடுகிறவன் அதையும் சேர்த்துப் போட்டால் வயிற்றுக்குள் ரத்தம் கசியும் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும்.

எக்ஸாமினர் முதலில் எரிச்சல்பட்டார். "கேஸ் வால்வும்மா, அதைச் சொல்லு" என்றார். அவள் அழுகிற குரலில், "சார், வெளிறியிருக்கார்" என்று மட்டும் சொன்னாள். அவர் குனிந்து என் இமையை இழுத்துப் பார்த்தார். பரீட்சையை நிறுத்திவிட்டு என்னை வார்டில் சேர்த்தார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அந்தப் பெண் பாஸா ஃபெயிலா என்று விசாரிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, அது ஒரு குறைதான்.

நீ அப்போது சின்னப் பிள்ளை. அப்பா வெளியூர் டியூட்டி என்று சொன்னோம்.

இப்போது உன் மீட்டிங்குக்கு வருகிறேன். மருத்துவம் படிக்கப் போன புதிதில் நீயே எனக்கு ஒரு கதை சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? ஹார்வர்டில் வால்டர் கேனன் என்ற மாணவர், தன் அறையில் சட்டம் படிக்கிறவன் பழைய வழக்குகளை வைத்து வாதாடிப் படிப்பதைப் பார்த்து, மருத்துவத்துக்கும் இப்படி வேண்டும் என்று 1900இல் எழுதினார் என்று. பிறகு 1910 வாக்கில் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் ரிச்சர்ட் கேபட் அதையே கூட்டமாக நடத்தினார். கஷ்டமான கேஸ் ஒன்றின் விவரத்தை ஒரு பெரிய டாக்டர் கையில் கொடுத்துவிடுவார்கள், முடிவை மட்டும் கொடுக்க மாட்டார்கள். அவர் எல்லோர் முன்னாலும் வாய்விட்டு யோசிக்க வேண்டும், கடைசியில் இதுதான் என்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்கப்புறம்தான் பிரேதப் பரிசோதனை செய்தவர் எழுந்து உண்மையைச் சொல்வார். பெரியவர் தப்பாகச் சொன்ன நாட்களும் உண்டு, அதையும் சேர்த்தே 1920களிலிருந்து பத்திரிகையில் போட்டுவருகிறார்கள். அதே கேபட் 3,000 பிரேதப் பரிசோதனைகளை, உயிரோடு இருந்தபோது டாக்டர்கள் எழுதியதோடு ஒப்பிட்டு, எந்த நோயை எவ்வளவு தவறவிட்டோம் என்று 1912இல் வெளியிட்டார் என்றாய். தப்பை அச்சடித்தா போடுவார்கள் என்று நான் அப்போது கேட்டேன். எங்கள் டிப்போவில் கேஸ் என்றால் வேறு, மறைக்கிற விஷயம்.

யோசித்தால் எங்கள் வேலையிலும் அது உண்டு. எங்கள் காலத்தில் ஸ்டேஜ் தாண்டும்போது இன்வாய்ஸில், அதாவது கணக்குத் தாளில், டிக்கெட் நம்பரை எழுதி மூடிவிட வேண்டும். செக்கர் ஏறின பிறகு எழுதினால் கணக்கு சரியாகவே இருந்தாலும் செல்லாது. உன்னிடம் வருகிற நோயாளிகள் நாலு ஆஸ்பத்திரி பார்த்துவிட்டுச் சீட்டோடு வருகிறார்கள். அந்தச் சீட்டைப் படிக்காதே என்று சொல்ல மாட்டேன், அதில் மருந்து விவரம் இருக்கும். மேஜையில் கவிழ்த்து வை. நீ கேட்டு, தொட்டு, ஒரு பெயரை உன் கையால் எழுதின பிறகு நிமிர்த்து. இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. வேறாக இருந்தால் மீட்டிங்கில் ஏன் என்று கேட்கும்போது உன்னிடம் பதில் இருக்கும், தப்பான பதிலாகவே இருந்தாலும்.

ஸ்டெத் வாங்கின புதிதில் மூன்று மாதம் என் நெஞ்சில் வைத்து வைத்துப் பார்ப்பாய். "கேக்கல அப்பா." நான் ஒருக்களித்துப் படுக்கட்டுமா என்று உன்னிடம் கேட்கவே இல்லை, கவனித்தாயா? ஒருநாள் ராத்திரி கரண்ட் போய் ஃபேன் நின்றபோது, "கேட்டிருச்சுப்பா!" என்று கத்தினாய். தெரிந்ததால் கேட்டதா, கேட்டதால் தெரிந்ததா என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாய்.

அம்மா பருப்புப்பொடி அரைத்திருக்கிறாள், தனியாக பார்சலில் வருகிறது. எலுமிச்சை ஊறுகாய் போன தடவை கசிந்ததாம், இந்த முறை இரண்டு கவர்.

கடைசியாக ஒரு கேஸ். போன மாதம் இரண்டு நாள் வார்டில் இருந்தேன் அல்லவா, பக்கத்துக் கட்டில்காரர். நாற்பத்தைந்து வயது, ஆண்டிபட்டி பக்கம் கிராமம், ஆடு மேய்க்கிறவர். பதினோரு நாள் காய்ச்சல், மண்டை பிளக்கிற தலைவலி, உடம்பு வலி. மழைக்குப் பிறகு வந்த காய்ச்சல். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டும் இல்லை என்று மூன்று சீட்டு கொண்டுவந்திருந்தார். இரண்டு ஊரில் ஊசி போட்டும் விடவில்லை. மூன்றாம் நாள் அவர் சம்சாரம் துண்டை நனைத்து உடம்பு துடைக்கும்போது வேட்டி கட்டுகிற இடத்தில் ஒன்றைப் பார்த்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். மருந்து மாற்றினார்கள், இரண்டு நாளில் எழுந்து டீ கேட்டார். அந்த அம்மா என்ன பார்த்தார், டாக்டர் என்ன பெயர் சொன்னார் என்று இதோடு வைத்திருக்கும் சின்னத் தாளில் எழுதி மடித்திருக்கிறேன். உன்னுடையதை முதலில் ஒரு தாளில் எழுது, தேதி போடு, அப்புறம் பிரி. பசை தீர்ந்துவிட்டது, சோற்றுப் பருக்கை வைத்துத்தான் ஒட்டியிருக்கிறேன். லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்க்காதே.

அன்புடன்,
அப்பா