அந்த டப்பாவில் இருப்பது முட்டையிலும் இருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

உடற்பயிற்சிக்குப் பிறகு வரும் தசைவலிக்கு என்னென்ன சத்துப் பொடிகள் எடுக்கலாம் என்று ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். காவலர் தேர்வுக்குத் தயாராகும் பையன்களுக்கு எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் தினமும் விடியற்காலையில் பயிற்சி கொடுக்கிறேன். அவர்களை நினைத்துத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒருவன், முதல் நாளே ஆர்வத்தில் நூறு தவளைக் குதி போட்டுவிட்டான். மூன்றாம் நாள் காலை மைதானத்துப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினான். கையில் பிசிஏஏ என்ற சத்துப் பொடியின் புது டப்பா. விலை 2,400 ரூபாய். நூறு நாள் வேலைக்குப் போகிற அவன் அம்மா, குழுவில் கடன் எடுத்துக் கொடுத்த பணம் அது.

இந்த வலி இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கிவிடும். லாக்டிக் அமிலம் தேங்குவதால் வருவதல்ல. அது பயிற்சி முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே வடிந்துவிடும். பழக்கமில்லாத தசை நீண்டபடியே பாரம் தாங்கும்போது, நுண்ணிய அளவில் சிதைகிறது. குதித்து இறங்குவதும் சரிவில் ஓடுவதும் இப்படித்தான். அதே பயிற்சியை அடுத்த வாரம் செய்தால் வலி வெகுவாகக் குறைந்திருக்கும். அதனால்தான் இருபதில் தொடங்கச் சொல்கிறேன்.

சரி, டப்பாவில் என்ன இருக்கிறது? லியூசின், ஐசோலியூசின், வேலின் என்ற மூன்று அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தைக் கட்டும் சிறு கூறுகள். வலியை ஓரளவு குறைப்பதாகச் சில ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் தசையைக் கட்ட, உணவிலிருந்தே கிடைக்க வேண்டிய அமினோ அமிலங்கள் ஒன்பது. அந்த ஒன்பதும் முட்டையிலும் பாலிலும் இருக்கின்றன. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். 100 கிராம் நிலக்கடலையில் 25 கிராம். மஞ்சள் பாலையும் கட்டுரை சொல்கிறது. குடிக்கட்டும், நல்லதுதான். ஆனால் வலியைக் குறைப்பதாகச் சொல்லப்படும் குர்குமின் என்ற பொருள் மஞ்சளில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கும். ஆய்வுகளில் கொடுத்தது செறிவூட்டிய மாத்திரை.

கட்டுரையில் இல்லாத ஒன்றுதான் என்னை எழுத வைத்தது. கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால், அது சாதாரண வலி அல்ல; சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். பொடியோ வலி மாத்திரையோ தேடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதை மட்டுமாவது அடுத்த வாரம் கட்டம் கட்டிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திண்டுக்கல் மாவட்டம்