சேலத்து வெள்ளைக்கல்லும் சுரங்கம் தோண்டும் இயந்திரமும்

தமிழ்நாடு புவியியல் மற்றும் சுரங்கத்துறை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்து வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கங்களை இனியும் திறந்தவெளியில் அகலப்படுத்தாமல் நிலத்தடிக்குக் கொண்டுபோகலாம் என்றும், சென்னை மெட்ரோவுக்குச் சுரங்கப்பாதை தோண்டியவை போன்ற இயந்திரங்களை இறக்கினால் வெடிச்சத்தமும் தூசியும் ஓயும் என்றும் எங்கள் பகுதியில் சிலர் பேசுகிறார்கள். அந்த யோசனை தங்கள் மேசைக்கு வருமானால் முதலில் பார்க்க வேண்டியது பாறையை.

மாமாங்கத்திலோ செட்டிச்சாவடியிலோ வெட்டுமுகத்தின் அருகே நின்றால், பழுப்பேறிய டியூனைட் பாறைக்குள் வெள்ளைக்கல் நரம்புகள் விரல் தடிமனில் தொடங்கி, சில இடங்களில் முழ அகலத்துக்குப் பருத்து, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு தாறுமாறாக ஓடுவது தெரியும். வட்டத் தலையைச் சுழற்றி ஏறக்குறைய நேராகவே முன்னேறும் இயந்திரத்துக்கு அந்த நரம்புகளைத் தொடர்ந்து வளைந்து போக வராது; கல்லையும் கழிவையும் சேர்த்தே நொறுக்கித் தள்ளிவிடும். கையால் உடைத்துத் தரம் பிரித்த கல்லுக்குக் கிடைக்கும் விலை அந்தக் கலவைக்குக் கிடைக்குமா?

பிற நாட்டுச் சுரங்கங்களிலும் இவ்வியந்திரம் பெரும்பாலும் கனிமம் இருக்கும் இடத்துக்குப் பாதை போடவே பயன்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் மொன்டானாவில் பிளாட்டினமும் பல்லேடியமும் எடுக்கும் ஸ்டில்வாட்டர் சுரங்கத்திலும், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 8 மீட்டர் விட்டமுள்ள இயந்திரத்தால் சாய்வுப் பாதை அமைத்த குரோவ்னர் நிலக்கரிச் சுரங்கத்திலும் நடந்தது அதுதான். வெடி வைக்காததால் சுற்றுப்பாறை அதிகம் விரிசல் விடாது, முட்டுக்கொடுக்கும் வேலையும் குறையும் என்பது உண்மையே. ஆனால் இயந்திரத்தைத் தருவித்துப் பூட்டி ஓட்டவே மாதக்கணக்கில் ஆகுமாதலால், கிலோமீட்டர் கணக்கில் நீளும் பாதைக்கே அது கட்டுபடியாகும். மேலாகவே கல் கிடைக்கும் நம் கரட்டுக்கு அவ்வளவு நீளப் பாதை எதற்கு என்பதை யோசனை சொல்பவர்கள்தாம் விளக்க வேண்டும்.

தண்ணீர் இதைவிடப் பெரிய கவலை. உத்தராகண்டின் தபோவன்–விஷ்ணுகாட் நீர்மின் திட்டத்தில் 2009ஆம் ஆண்டு சுரங்கம் தோண்டிய இயந்திரம் நிலத்தடி நீர் தேங்கிய பாறையை உடைத்துச் சிக்கிக்கொண்டது. பெருவெள்ளமாக நீர் வெளியேறியது. சேர்வராயன் அடிவாரத்துக் கிணறுகளும் பாறை வெடிப்புகளில் ஊறும் நீரையே நம்பியிருக்கின்றன.

ஆகவே, எந்த நிறுவனம் இப்படியொரு திட்டத்தோடு வந்தாலும், ஆழ்துளையிட்டு எடுத்த பாறை மாதிரிகளின் விவரத்தையும், சுற்றுக் கிராமக் கிணறுகளின் கோடை நீர்மட்டத்தையும் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டிய பிறகே விண்ணப்பத்தைப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சேலம்வாசி ஒருவர்