21 இலக்கம்

அன்புள்ள அம்முவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பெரியப்பாவிடம் அந்த விஷயத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. நீ அதை நினைத்துக் குழம்ப வேண்டாம். நேரத்துக்குத் தூங்கு.

உன் பச்சை நோட்டு கையில் கிடைத்தது. கடைசிப் பக்கத்தில் 2-இன் 67-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்து, 147573952589676412927 என்று எழுதி, பக்கத்தில் ‘பகா எண்ணா?’ என்று கேட்டிருக்கிறாய். அந்த வயதில் 21 இலக்கத்தையும் கையாலேயே பெருக்கி எடுத்தவள் நீ. ஒரு இலக்கம்கூடத் தப்பில்லை. அன்றைக்கெல்லாம் எது புரியாவிட்டாலும் உடனே வந்து கேட்பாய்.

சரி, பதிலுக்கு வருகிறேன். 1644-இல் மெர்சென் என்கிற பிரெஞ்சுத் துறவி அதைப் பகா எண் என்று தன் பட்டியலில் சேர்த்துவிட்டார். 1876-இல் லூகாஸ் என்கிற பிரெஞ்சுக் கணித அறிஞர் அது பகா எண் இல்லை என்று நிறுவினார். வேடிக்கை என்னவென்றால், அதன் ஒரு காரணிகூட அவர் கையில் இல்லை! வகுத்துப் பார்த்து அல்ல, வேறொரு சோதனை வைத்துக் கண்டுபிடித்தார். உள்ளே ஏதோ இருக்கிறது, ஆனால் என்னவென்று தெரியாது. இதை நான் நாலைந்து தடவை படித்தேன், அம்மு. அந்த நிலைமை எனக்கு நன்றாகவே புரிகிறது.

1903-இல் கோல் என்பவர்தான் காரணிகளைச் சொன்னார்: 193707721, 761838257287. கணிதச் சங்கக் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தாராம். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின என்பார்கள். அவர் பேசாமல் இருந்ததில் எனக்கு வருத்தமில்லை, கடைசியில் விடையோடு வந்தார். நம் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமைகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. நான் எதுவும் கேட்கவில்லை. ஆராய்ச்சி முடியும்போது முடியட்டும், முடியாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. உன் அம்மாவும் இதையேதான் சொல்கிறாள், ஆனால் போன் அடித்தால் முதலில் ஓடுவது அவள்தான்.

அப்புறம், கோல் கண்மூடித்தனமாகத் தேடியிருக்க வேண்டியதில்லை. அடுக்கு 67 என்கிற பகா எண்ணாக இருப்பதால், இந்தப் பெரிய எண்ணின் எந்தக் காரணியையும் 134-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீரும். அதாவது 67-இன் இரு மடங்கால். 3, 5, 7 எல்லாம் தொடக்கத்திலேயே கழிந்துவிடும். அப்படிக் கழித்த பிறகும் மூன்று வருடம் என்றால் பார்த்துக்கொள். நீ மட்டும் ஏன் ஒரே வருடத்தில் முடிக்க வேண்டும் என்று துடிக்கிறாய்? நேரத்துக்குத் தூங்கு என்று திரும்பவும் சொல்கிறேன்.

முதல் காரணியை நானே 134-ஆல் வகுத்துப் பார்த்தேன். ஈவு 1445580, மீதி 1. இரண்டாவது 12 இலக்கம், எனக்குக் கண் இழுக்கிறது. அதை நீ போட்டு ஈவு எவ்வளவு என்று எழுது. வேறு எதுவும் எழுத வேண்டியதில்லை.

அப்பா