சாளைக்கறி செய்த குற்றம் என்ன?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் நலவாழ்வு இணைப்பில் குழந்தைகளின் வயிற்றுவலி பற்றிய கட்டுரையைப் படித்தேன். அம்மாக்கள் போடும் காரமும், பள்ளிக்கு மட்டம் போடப் பிள்ளைகள் செய்யும் நடிப்பும்தான் பெரும்பாலும் காரணமாம். ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அதன் பின்பக்கமே மூன்று கரண்டி மிளகாய்த்தூள் போட்டுச் சிக்கன் வறுவல் செய்முறை. நல்ல பொருத்தம்.

என் மகளும் இரண்டு வருஷம் 'நடித்தாள்'. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பாள். அந்த நேரத்தில் எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது என்று உங்கள் கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும். டீச்சர் சோம்பல் என்றார். மாமியார் என் சாளை மீன்கறியின் காரத்தைச் சொன்னார். ஒரு வருஷம் வீட்டில் சாளை வாங்கவில்லை, ரசமும் மோரும்தான். வலி அசையவில்லை. பூச்சி மாத்திரை கொடுத்தார்கள், வாயு சிரப் கொடுத்தார்கள். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மருந்து மாதக்கணக்கில் குடித்தும் ஹீமோகுளோபின் 9-ஐத் தாண்டவில்லை.

கடைசியில் திருவனந்தபுரத்தில், வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்கும் என்டோஸ்கோப்பி எடுத்தோம். இரைப்பையின் கீழ்ப்பக்கம் கூழாங்கல் பாவினது மாதிரி சின்னச்சின்ன முண்டுகளைத் திரையில் காட்டினார் டாக்டர். கிள்ளி எடுத்த துணுக்கை மஞ்சள் மருந்தில் போட்டதும் அது சிவந்ததை நானே பார்த்தேன். சிவந்தால் கிருமி இருக்கிறது என்று அர்த்தமாம். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. 1984-ல் ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் இந்தக் கிருமிதான் காரணம் என்று காட்ட அதைக் கலக்கித் தானே குடித்து வயிற்றழற்சி வரவழைத்துக்கொண்டார். அவருக்கும் கூட ஆராய்ந்த ராபின் வாரனுக்கும் இந்தக் கிருமிக்காகவே 2005-ல் நோபல் பரிசு. உங்களுக்குத் தெரியாததா? அன்று உங்கள் பத்திரிகையிலேயே போட்டிருப்பீர்கள்.

எல்லா வயிற்றுவலிக்கும் இந்தக் கிருமி காரணமில்லை, கிருமி இருக்கிற எல்லோருக்கும் வலி வருவதுமில்லை என்று அந்த டாக்டரே சொன்னார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெரும்பாலும் சின்ன வயதில் வீட்டாரிடமிருந்தே தொற்றுவது, வருஷக்கணக்கில் அழற்சியாக உள்ளேயே இருப்பது, காரத்தை நிறுத்தினால் போகுமா? 14 நாள், இரண்டு ஆன்டிபயாட்டிக், அதோடு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. "வாயில சாவியப் போட்டுச் சப்பின மாதிரி இருக்கும்மா" என்று அழுதாள். ஒருவேளைகூடத் தவறவிடவில்லை, பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு மசியாது என்றார்கள். மருந்து முடிந்து ஆறு வாரம் கழித்து ஊதச் சொல்லி மூச்சுப் பரிசோதனை செய்து, கிருமி இல்லை என்ற பிறகுதான் நான் சாளை வாங்கினேன்.

நான் அண்டியாபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்க்கிறவள். வீட்டுக்காரருக்கு ரப்பர் பால்வெட்டு. மழை பெய்தால் அவருக்கு வேலையில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனால் எனக்குக் கூலியில்லை. பிள்ளைகளுக்கு என்டோஸ்கோப்பி செய்யும் டாக்டரைத் தேடி மாநிலம் தாண்டி பஸ் ஏறியதையெல்லாம் நீங்கள் எழுதமாட்டீர்கள். குமரி மாவட்டச் செய்தி என்றால் உங்களுக்குச் சூரிய உதயம், படகு சவாரி ரத்து, இப்போது கண்ணாடிப் பாலம். மாவட்டத்தில் ஆள்களும் இருக்கிறோம் ஐயா.

கேட்பது பெரிதல்ல. அடுத்த ஞாயிறு அதே இடத்தில் நாலு வரி போடுங்கள்: தூக்கத்தில் எழுப்பும் வலி, எடை குறைவது, ஓயாத வாந்தி, கறுப்பாக மலம் போவது, மருந்துக்கும் ஏறாத ரத்தசோகை இருந்தால் பிள்ளையைத் திட்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள் என்று. சிக்கன் வறுவலுக்குக் கொடுத்த இடத்தில் பாதி போதும்.

தயவுசெய்து சுருக்க வேண்டாம். போன வருஷம் எங்கள் ஊர் நூலகக் கூரை ஒழுகுவதை எழுதினேன். நீங்கள் சுருக்கியதில் கூரையே காணாமல்போய், 'நூலகத்துக்குப் பாராட்டு' என்று வந்தது.

இப்படிக்கு,
18 வருஷ வாசகி,
தக்கலை அருகிலிருந்து