தென்கொரியா நம்யாங்கிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

மகன் எழுதிக்கொள்வது. நான் நல்ல சுகம். நீங்களும் அம்மாவும் தங்கச்சியும் சுகமாயிருக்க இணுவில் கந்தனை வேண்டுகிறேன். உங்கள் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் போச்சு. "அப்பா கையால எழுதினதுக்கு நீயும் கையாலதான் எழுதவேணும்" என்று தங்கச்சி போனில் பேசின பேச்சில்தான் பேனையை எடுத்தேன்.

குளிர் போய்விட்டது. மாசியில் குழாய்த் தண்ணீரே உறைந்து கிடந்தது, இப்போது ஜன்னல் திறந்து படுக்கலாம். அறையில் முந்தி நாலு பேர் இருந்தோம், மற்ற மூன்று பேரும் வேறு கொம்பனிக்குப் போய்விட்டார்கள். முழு அறையும் எனக்குத்தான், நல்ல வசதி. சாப்பாட்டுக்குக் குறையில்லை. இறைச்சி விலை ஏறிப்போச்சு, அதை விட்டது உடம்புக்கும் நல்லதுதானே. இவர்களுடைய சோறு குழைந்த பொங்கல் மாதிரி ஒட்டும். கிம்ச்சி இல்லாமல் இப்போது எனக்கும் இறங்குவதில்லை.

என் குப்பைப் பையைத் திறந்து பார்த்து, பிளாஸ்டிக் வேறு, மிச்சச் சாப்பாடு வேறு என்று ஏசுகிற பக்கத்து வீட்டுத் தாத்தாவை அம்மாவுக்குத் தெரியும். நான் தவில்காரன் மகன் என்று ஒருநாள் வாய்விட்டேன். அதிலிருந்து ஆளே மாறிவிட்டார். அவர் ஜொன்ஜு ஈ வம்சமாம், அதாவது முந்திக் கொரியாவை ஆண்ட ஜொசொன் அரசர்களின் குலம். "மே மாதம் முதல் ஞாயிறு எங்கள் வீட்டுத் திவசம், வா" என்று தலைநகர் சியோலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வீடு என்று அவர் சொன்னது ஜொங்மியோ, அரசர்களின் முன்னோர் கோயில்.

அப்பா, நீங்கள் பார்க்கவேணும். 1395இல் கட்டி, 1592இல் யப்பான்காரன் வந்தபோது எரிந்து, 1608இல் திரும்ப எழுப்பினது. ஒரே நீட்டுக்கு 19 அறைகள், உள்ளே 19 அரசர்களும் 30 அரசியரும். சிலை, படம் ஒன்றுமில்லை, பெயர்ப்பலகை மட்டும். முற்றத்து நடுவே ஆவிகள் போகிற கல்பாதை இருக்கிறது, தெரியாமல் கால் வைக்கப்போய்த் தாத்தாவிடம் அடி வாங்காத குறை. படையலில் இறைச்சியைப் பச்சையாகவே வைக்கிறார்கள். மூன்று தரம் மது வைக்கிறார்கள். பெரிய மாமா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இனி மேளம். தொடங்கும்போது ஒரு மரப்பெட்டிக்குள் தடியால் இடிக்கிறார்கள். முடிக்கும்போது மரப் புலியின் தலையில் தட்டி, முதுகில் இருக்கிற 27 பல்லையும் தடியால் சுரண்டுகிறார்கள். நடுவில் 16 மணி, 16 கல். ஓம், கல்தான், வளைத்து வெட்டித் தொங்கவிட்ட கல். அந்தக் கல் அகப்பட்டது எங்கே தெரியுமோ? நான் வேலை செய்கிற இந்த நம்யாங்கில்! 1425இல். அதற்கு முதல், 1116இல் சீனச் சக்கரவர்த்தி அனுப்பின வாத்தியங்களைத்தான் பெரிதாய் வைத்திருந்தார்களாம். சொந்தக் கல் அகப்பட்டதும் சொந்தமாய்ச் சுருதி சேர்த்தார்கள். புதுக்கல்லைத் தட்டிக் காட்டியபோது செஜொங் அரசர் "இதில் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கிறது" என்றாராம். பார்த்தால் வெட்டக் கீறின மைக்கோடு அந்தக் கல்லில் இன்னும் தேயாமல் இருந்ததாம். உங்கள் காது!

அவர் கேட்ட இன்னொரு கேள்வியும் உங்களுக்குப் பிடிக்கும். உயிரோடு இருக்கையில் நம்முடைய இசையைக் கேட்டவர்களுக்குச் செத்தபிறகு சீன இசையை வாசிப்பது என்ன முறை என்றாராம். பிறகு தடியால் நிலத்தில் தட்டித் தட்டி ஒரே மாலையில் புது இசைக்குத் தாளக்கட்டு போட்டார் என்று அரண்மனை ஏட்டிலேயே இருக்கிறதாம். ஆனால் கோயிலில் அது ஏறவில்லை. 1464இல் ஏற்றினது அவருடைய இரண்டாவது மகன் செஜோ.

ஆட்டக்காரரின் எண்ணிக்கையிலும் அரசியல்தான். சக்கரவர்த்திக்கு எட்டு வரிசை, 64 பேர். கீழ்ப்பட்ட அரசனுக்கு ஆறு வரிசை, 36. இவர்கள் நெடுங்காலம் 36இல் நின்று, 1897இல் தங்களையும் பேரரசு என்று சொன்ன பிறகுதான் 64 ஆக்கினார்கள். எந்தக் கோயிலுக்கு எத்தனை கூட்டு மேளம் என்று நீங்கள் சண்டை பிடிக்கிற மாதிரி.

இரண்டு பக்கத் தோல் வாத்தியம் ஒன்றுண்டு. வலக்கையில் குச்சி, இடது வெறுங்கை, நமக்கு நேர்மாறு. பிறகு போர் வெற்றியைப் புகழ்கிற பகுதியில், மர உடம்பும் உலோக வாயும் சீவாளியுமாய் ஒரு குழல் எழும்பியது. தெபியொங்சோ என்று பெயர். நாதஸ்வரம் அளவுக்கு நீளமில்லை, கூர்மையான சத்தம். அப்பப்பாவின் தேர்த்திருவிழா விடியல் வந்து நெஞ்சை அடைத்துவிட்டது. தாத்தா கைலேஞ்சியைத் தந்துவிட்டு மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். ஆனியில் வருகிற அப்பப்பாவின் திவசத்துக்குச் சித்தப்பாவைச் சொல்லவேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். கோயில் மேள முறையும் அப்பப்பாவின் தவிலும் மூத்தவரான உங்களுக்கு வரவேண்டியவை, அவர் எடுத்தது பிழைதான். அந்தச் செஜோவும் 1455இல் அண்ணன் மகன் தன்ஜொங்கின் சிம்மாசனத்தைப் பறித்தவர்; பொடியன் 1457இல் கொல்லப்பட்டான். 241 வருடம் கழித்து, 1698இல்தான் அவனுக்கு அரசர் பெயரைத் திருப்பிக் கொடுத்து, பக்கத்து மண்டபத்தில் இடம் கொடுத்தார்கள். இன்றைக்கு இருவருக்கும் படையல் உண்டு. சிம்மாசனத்திலிருந்து துரத்தப்பட்ட யொன்சன், குவாங்கே என்ற வேறு இரண்டு அரசர்களுக்கும் அங்கே இடமேயில்லை என்பதையும் சொல்லத்தான் வேணும். நீங்கள் உடனே சித்தப்பாவை அந்தப் பக்கம் எழுதிவிடுவீர்கள் என்று தெரியும். எழுதாதேங்கோ. அவரைச் சொல்லுங்கோ. நீங்கள் போகாவிட்டால் தங்கச்சியை அனுப்புங்கோ. கலியாணப் பேச்சு நடக்கிற நேரம், மாப்பிள்ளை பகுதி முதலில் விசாரிக்கப்போவது சித்தப்பா வீட்டில்தான்.

காசு இந்த மாதம் கொஞ்சம் பிந்தும். வங்கியில் ஏதோ படிவம் மாற்றுகிறார்கள், அவதிப்படாதேங்கோ. அடுத்த மாதம் சேர்த்து அனுப்புவேன், அதுவரை சீட்டுக்காரரிடம் ஒரு தவணை பொறுக்கச் சொல்லுங்கோ. அம்மாவின் கண் மருந்தை மட்டும் நிறுத்தவேண்டாம்.

அன்பு மகன்

பி.கு: சின்ன மாமாவிடம் பழைய சீவாளி ஒன்று கிடந்தால் அடுத்த கடிதத்துக்குள் வைத்து அனுப்புங்கோ. தாத்தாவுக்குக் காட்டவேணும்.