போலீஸ் வண்டி பற்றி அப்பாவுக்கு

லண்டன், ஒண்டாரியோ, கனடா
12.1.2015

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். உங்கள் கடிதம் கிடைத்தது. நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் என் காரைத் திட்டியே எழுதியிருக்கிறீர்கள். போலீஸ்காரன் கழித்துப் போட்டதை எவனாவது காசு கொடுத்து வாங்குவானா என்று கேட்டீர்களே, அதனால் விவரமாகவே எழுதுகிறேன். ஏட்டு மாமாவிடமும் படித்துக் காட்டுங்கள். ஜீப் எடுக்கலாம் என்று பாளையங்கோட்டை ஆயுதப்படை மைதானத்து ஏலத்துக்கு உங்களை இழுத்துப்போய் வெயிலில் நிறுத்தியவர் அவர்தானே!

வண்டி ஃபோர்டு கிரவுன் விக்டோரியா, 2008 மாடல். எட்டு சிலிண்டர், 4.6 லிட்டர் எஞ்சின். இங்கே பல வருஷமாகப் போலீஸ் என்றாலே இதுதான். பழசானதும் சைரன், மேல்விளக்கு, பட்டை, எழுத்து எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஏலம் விடுவார்கள். டாக்சிக்காரர்கள் தேடி எடுப்பார்கள். லாரிக்குப் போல தனி சேஸிஸ் என்பதால் அடி தாங்கும், ஸ்பேர் பார்ட்ஸும் சுலபமாகக் கிடைக்கும். ஏலத்தில் எடுத்த ஒருவரிடம் 3,200 டாலருக்கு வாங்கினேன். தகுதிச் சான்று அவரே எடுத்துக் கொடுத்தார்.

எதிர்வீட்டுத் தாத்தாவைப் பற்றி அம்மாவிடம் போனில் சொன்னேனே, மைனஸ் 15 டிகிரியிலும் அரை டவுசரோடு பனி அள்ளுகிறவர், அவர்தான் பார்த்துச் சொன்னார். இந்த வண்டிகள் எல்லாம் பக்கத்து ஊரான செயின்ட் தாமஸில் செய்தவை. தாத்தா அந்த ஆலையில் கதவு மாட்டியவர். 2011 செப்டம்பர் 15ஆம் தேதி கடைசி கிரவுன் விக்டோரியா வெளியே வந்தது, அத்தோடு ஆலையையும் மூடிவிட்டார்கள். அந்தக் கடைசி வண்டி சவூதிக்குப் போயிற்று. (தம்மாமில் இருக்கும் அத்தான் கண்ணில் பட்டதா என்று கேளுங்கள்.) என் வண்டி வாசலில் வந்து நின்றதும் மனிதர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்கு கதவையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடி, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். அப்புறம்தான் கை குலுக்கினார்.

கிலோமீட்டரை மட்டும் நம்பக்கூடாது என்பார் அவர். போலீஸ் வண்டி ஓடுவதைவிட நின்ற இடத்தில் உறுமுவதுதான் அதிகம். ஒரு மணி நேரம் அப்படி நின்றால் 33 மைல் ஓடியதற்குச் சமம் என்பது ஃபோர்டு கம்பெனியின் கணக்கு. என் வண்டியில் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் ஓடிய மணிக்கணக்கும் வரும். அதைப் பார்த்துத்தான் தலையாட்டினார்.

குறை இல்லாமல் இல்லை. பெட்ரோல் குடிக்கும். பின்சக்கரம் இழுக்கிற வண்டி என்பதால் பனியில் வாலை ஆட்டும். டிக்கியில் மணல் மூட்டை போட்டிருக்கிறேன். பின்கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது. கூட வேலை செய்யும் பஞ்சாபி அண்ணனைப் பின்னால் ஏற்றிவிட்டு நான் பாட்டுக்குக் கடைக்குள் போய்விட்டேன். திரும்பி வந்தால் கைதி மாதிரி கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருக்கிறார். நெடுஞ்சாலையில் போனால் முன்னால் போகிறவன் வேகத்தைக் குறைத்து வழிவிடுகிறான். சம்பளம் இல்லாத மரியாதை!

யார் யாரோ ஏறிய சீட்டு, திருஷ்டி கழி என்று அம்மா சொன்னதையும் செய்தேன். எலுமிச்சம்பழம் ஐஸ் மேல் நசுங்கவில்லை, வழுக்கிக்கொண்டு போய்விட்டது. அதற்கும் ஏதாவது அர்த்தம் கண்டுபிடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அறை மாற்றிவிட்டேன். தரைக்குக் கீழே உள்ள அறைதான், ஆனால் கதகதப்பாக இருக்கிறது. ஷிப்டும் இரவுக்கு மாறிவிட்டது, எனக்கு அதுதான் வசதி. இந்த மாதப் பணம் கொஞ்சம் முன்னே பின்னே வரலாம். பேங்கில் ஏதோ மாற்றமாம், வேறொன்றும் இல்லை.

டிரைவர் சீட்டின் ஓரத்தில் ஒரு கை அகலத்துக்குத் துணி நைந்து பஞ்சு தெரிகிறது. துப்பாக்கி உறை உரசி உரசி வந்த தேய்மானம். விடியற்காலை வேலை முடிந்து, ஹீட்டர் சூடாகும்வரை அதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மாமா நம் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து பெல்ட் பித்தளையை பிராசோ போட்டுத் தேய்ப்பாரே, அந்த வாசனை மூக்கில் வந்துவிடும். அன்றைக்கு அப்படியே பொங்கல் சமயம், வாசலில் கோலப்பொடி, நீங்கள் கரும்பை வெட்டக்கூடாது கடித்துத்தான் தின்ன வேண்டும் என்று சத்தம் போடுவது... சரி, விடுங்கள். நாளன்றைக்குப் போகி. போன் போடுகிறேன்.

தங்கச்சி நிச்சயத்தைத் தை கடைசியில் வைத்ததில் எனக்குச் சம்மதமே. நிச்சயத்துக்கு வர லீவு கிடைக்காது, வைகாசியில் கல்யாணத்துக்கு வந்து நிற்பேன். மாப்பிள்ளை வீட்டார் பைக் கேட்டதாக அம்மா இழுத்தாள். வாய்விட்டுக் கேட்டார்களா, இல்லை அத்தையாகச் சொல்கிறாளா? கேட்டு எழுதுங்கள். கிழக்கு வயல் விஷயத்தில் சித்தப்பா அவசரப்படுத்தினாலும் சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு ஆகும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தாத்தா பெயரில் இருக்கும் பழைய பத்திரம் பெரிய டிரங்குப் பெட்டியில்தான் இருக்க வேண்டும், மாமாவின் சர்வீஸ் காகிதங்களோடு கலந்து கிடக்கும். எடுத்து ஜெராக்ஸ் போட்டு அனுப்புங்கள்.

தங்கள் அன்பு மகன்