ஓடுவதற்கு ஒரு திடல் வேண்டும்

ஆசிரியருக்கு,

ஏ9 வீதியில் பெடியள் மோட்டார் சைக்கிள் ஓட்டப்போட்டி வைப்பது பற்றிய செய்தியை வாசித்தேன். பொலிஸ் பிடிப்பது சரிதான். ஆனால் ஜேர்மனியர் செய்ததையும் பாருங்கள். பொது வீதிகளில் நடந்த ஆபத்தான கார்ப் பந்தயங்களை அகற்றவும், ஐஃபல் மலைப்பகுதியில் வேலையில்லாதோருக்கு வேலை கொடுக்கவும் கட்டியதுதான் நூர்பேர்க்ரிங் என்ற பந்தயத் திடல். 1927இல் திறந்தார்கள். காட்டுக்குள் வளைந்தோடும் அதன் வடக்குச் சுற்று மட்டும் 20 கிலோமீற்றருக்கு மேல்! கார்ப் பந்தய வீரர் ஜாக்கி ஸ்டூவர்ட் அதைப் 'பச்சை நரகம்' என்றார். 1976இல் இன்னொரு பந்தய வீரரான நிக்கி லவுடா அங்கே தீயில் சிக்கி உயிர் தப்பினார். அதன்பின் ஃபோர்முலா 1 கார்ப் பந்தயம் அந்தச் சுற்றுக்குத் திரும்பவில்லை. அவ்வளவு நீளத்துக்கும் அம்புலன்சும் தீயணைப்பும் நிறுத்துவது லேசான காரியமா? வன்னிக்குச் சிறிய திடல் ஒன்றே போதும். பாதுகாப்பு வேலியோடு அதை அமைத்துத் தரும்படி மாகாண அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி